மூன்றாம் மாடியில் நாலு பேர்

தணிகாசலத்துக்கு உன் நைனா சொல்லி எழுதுவது. நான் சொல்ல, கீழ்த்தளத்து அங்கன்வாடி டீச்சர் எழுதித் தருகிறார்கள். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம், அதனால் குசுகுசுவென்றுதான் பேச வேண்டியிருக்கிறது. என் பேச்சை அவர்கள் எழுத்துத் தமிழில் நேர் செய்துகொள்கிறார்கள். யார் என்ன பேசினார்களோ அதை மட்டும் பேசினபடியே போடச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் உங்கம்மா பேசினதை நீ நம்ப மாட்டாய்.

நீ போன் போட்டு, "பொண்ணு வூட்டுக்காரங்க வெள்ளிக்கிழமை வூடு பாக்க வராங்க நைனா, எல்லாம் ரெடிதான?" என்று கேட்டாய். நான் "ஆங்" என்று சொல்லிவிட்டு போனை உங்கம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் ஓசூரில் மழையா என்று கேட்டு வைத்துவிட்டாள். இரண்டு பேரும் எதையோ மறைக்கிறோம் என்று நீ நினைத்திருப்பாய். மறைக்கவில்லை, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. விஷயம் இதுதான். நம் புது வீட்டில் எங்களோடு இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று எஸ்தர், உன்னை ஸ்கூல் பஸ் ஏற்றிவிட்டவள், வாய்க்கால் கரையில் நம் பக்கத்து வீடு. இன்னொன்று அவள் அப்பா சாமுவேல். அவர் கட்டில் கூடத்தில் கிடக்கிறது. கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கட்டில்தான். பெண் வீட்டார் அதைப் பார்த்து முகம் சுளித்தால் சம்பந்தம் என்ன ஆகுமோ என்று உங்கம்மாவுக்குப் பயம். அப்பாவையும் மகளையும் அனுப்பிவிடு என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்களுக்குப் போக இடம் இல்லை. இதில் யார் பண்ணினது தப்பு என்று நானும் உட்கார்ந்து உட்கார்ந்து யோசித்துவிட்டேன். ஒருத்தர் பேரும் கிடைக்கவில்லை. ஆளாளுக்குச் சரியானதைத்தான் செய்தோம், வந்து நின்ற இடம் மட்டும் இப்படி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், உனக்காவது புரிகிறதா பார்.

வாய்க்கால் கரையில் நாம் இருந்த இடம் நமக்குச் சொந்தமில்லை என்று எனக்கு எப்போதும் தெரியும். உங்கம்மாதான் ஒத்துக்கொள்ள மாட்டாள். கரண்ட் இருக்கிறது, வரி ரசீது இருக்கிறது, அப்புறம் எப்படி நம்முடையது இல்லாமல் போகும் என்பாள். ஊர் பெருத்துவிட்டதப்பா. மலைக்கோயில் அடிவாரத்தில் செருப்பு பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊர் வளர்ந்ததைப் பார்த்தவன் நான். முன்பெல்லாம் கிருத்திகைக்குக் கிருத்திகைதான் செருப்பு குவியும், அதுவும் பாதி பேர் வெறுங்காலோடு வருகிற கிராமத்து ஜனம். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனாலே மெட்ராஸ் ரயிலில் வந்து இறங்கி, என் தலைக்கு மேலே நின்றுகொண்டு லேஸ் அவிழ்க்கிறார்கள். ஒரு தரம் ஒருவர் இடது கால் ஷூவை மட்டும் வைத்துவிட்டு, வலதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு மலை ஏறினார். கேட்டதற்கு, "ஜோடி இல்லன்னா எவனும் எடுக்க மாட்டான் பெரியவரே" என்றார். நான் எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. டீச்சர் பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள், விஷயத்துக்கு வருகிறேன். ஊர் பெருத்ததும் புது மனைகளுக்குள் மழைத் தண்ணீர் போக ஆரம்பித்தது. தண்ணீர் ஏரிக்குப் போக வேண்டுமானால் வாய்க்கால் அகலமாக வேண்டும். வாய்க்கால் அகலமாக வேண்டுமானால் நாம் நகர வேண்டும். சும்மா நகரச் சொல்லவில்லை, கே.ஜி.கண்டிகை போகிற ரோட்டில் அடுக்குமாடி கட்டி, குடும்பத்துக்கு ஒரு வீடு தருகிறோம் என்றார்கள். அதற்குக் கணக்கெடுக்க ஆள் வந்தது. வந்த நாள் எது தெரியுமா? ஆடிக் கிருத்திகை.

அந்த நாளில் நம் வீடு எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். பொதட்டூர்பேட்டையிலிருந்து வருஷா வருஷம் வருகிற நரசம்மா கூட்டம் பூக்காவடியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து நம் வாசலில் இறக்கியிருந்தது. நம் தெருப் பழக்கம் உனக்கு மறந்திருக்காது. எந்த வீட்டில் காவடியை இறக்குகிறார்களோ, மலை ஏறிவிட்டுத் திரும்புகிற வரைக்கும் அவர்கள் அந்த வீட்டு ஆட்கள். யாராவது கேட்டால் வெளியாள் என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. சொன்னால் காவடியையே வெளியே தள்ளின மாதிரி. இன்னொன்று, விரதக்காரர்களுக்கு நம் அடுப்பில் சமைக்கக் கூடாது. அதனால் பின்பக்கம் தனியாகக் கல் கூட்டி, அவர்கள் பொங்கலை அவர்களே வைத்துக்கொள்வார்கள். இந்த நேரம் பார்த்து, கையில் அகலமான போனோடு ஒரு பெண் வந்து நிற்கிறது. மெட்ராஸ் பக்கத்துப் பெண், திருவிழாக் கூட்டத்தில் வேர்த்து ஊற்றி, எப்போது முடியும் என்று நிற்கிற முகம்.

"வீட்ல எத்தனை அடுப்புங்க?" என்று கேட்டது.

"ரெண்டும்மா" என்றாள் உங்கம்மா. எட்டிப் பார்த்தாலே இரண்டு புகை தெரிகிறது, வேறென்ன சொல்வாள்?

"அந்தப் பக்கம் சமைக்கிறவங்க யாரு?"

"எல்லாம் நம்ம ஆளுங்கதாம்மா" என்றேன் நான்.

அதற்குள் நரசம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஏம் பாவா, அன்னதானத்துக்கு பேரு எழுதறாங்களா?" என்றாள். உங்கம்மாவை அக்கா என்று கூப்பிடுகிறவள், அந்த முறையில் நான் அவளுக்கு பாவா. அந்தப் பெண் என்னைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, மச்சினி தனிக் குடித்தனம் என்று போட்டுக்கொண்டது. நரசம்மாவும் சோற்றுக்கு டோக்கன் என்று நினைத்து, மடியில் இருந்த ஆதார் கார்டை எடுத்து நீட்டி, போட்டோவுக்கும் நின்றாள். அந்தப் பெண் நம்பரை மட்டும் அடித்துக்கொண்டது, விலாசத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. நெற்றி நிறைய திருநீறு, மஞ்சள் புடவை, நல்லாத்தான் விழுந்திருக்கிறது. தனி அடுப்பு என்றால் தனிக் குடும்பம் என்பது அவர்கள் கணக்கு என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அதே நேரத்தில் பக்கத்துக் கதவில் பூட்டு தொங்கியது. எஸ்தர் மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போயிருந்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா தனியாக எழுந்து வெளியே வந்து விழுந்துவிடுவார் என்று, உள்ளே படுக்க வைத்துவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவாள். எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், ஆள் இல்லாத வீடு என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே இருந்தவருக்குக் கூப்பிடவும் முடியாது. உன் காதுகுத்துக்கு மைக் செட் கட்டி, மூன்று தெருவுக்குப் பாட்டு போட்டு, போலீஸ்காரர் வந்து குழாயைத் திருப்பச் சொன்னாரே, அதே சாமுவேல்தான். இப்போது அவர் வாயில் 'சரி' என்கிற ஒரு சொல்தான் மிச்சம்.

பெயர் விட்டுப்போனது தெரிந்து எஸ்தர் மனு கொடுத்தாள். அடுத்த பட்டியலில் வரும் என்றார்கள். அப்புறம் ஒரு நாள் எல்லாரையும் வரச் சொல்லிப் பட்டியலை வாசித்து, குலுக்கலில் எந்த மாடி என்று எடுத்தார்கள். நமக்கு மூன்றாவது மாடி. எஸ்தர் பெயர் வரவே இல்லை. கடைசியில், "நரசம்மா! நரசம்மா இருக்காங்களா?" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உங்கம்மா என் விலாவில் இடித்து, "யோவ், நம்ம நரசம்மாய்யா!" என்றாள். நான் கையைத் தூக்கிவிட்டேன். ஏன் தூக்கினேன் என்று உங்கம்மா அன்றைக்கே கேட்டாள், இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்ட பேருக்கு யாரும் பதில் சொல்லாவிட்டால் ஒரு வீடு வீணாகப் போய்விடுமே என்று கை தானாகப் போனது. இரண்டாவது மாடி, சரியாக நம் வீட்டுக்குக் கீழே. ஆளை அழைத்து வந்து சாவி வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். உனக்கு போன் போட்டேன். நீ என்ன சொன்னாய்? "வந்தத வாங்கினு கம்முனு இரு நைனா. உனக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நானும் பாதி நேரம் அதையேதான் நினைத்தேன். மீதிப் பாதி நேரம் பக்கத்து வீட்டில் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்கும், அப்போது வேறு மாதிரி நினைப்பேன்.

சீட்டை எடுத்துக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன். அவள் இருக்கிற இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனை வருஷம் அவள்தான் நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள், நாம் போனதே இல்லை. தறிக்கூடத்துக்குப் பின்னால் நூல் மூட்டை போடுகிற ஓர் அறை, அதிலே அவளும் மகனும். மகன் தறி ஓட்டுகிறான், இவள் நூல் சுற்றித் தருகிறாள். முதலாளி போகச் சொல்கிற வரைக்கும் இருக்கலாம், அவ்வளவுதான். தறிச் சத்தத்தில் பேசுவது காதில் விழாது. நான் கத்த, அவள் கத்த, தெருவுக்கே கேட்டிருக்கும்.

"உனக்கு வூடு வந்துகீதும்மா!"

"யாரு வூட்ல?"

"யாரு வூட்லயும் இல்ல, உனக்கே வூடு! கெவருமெண்டு வூடு!"

"நான் எப்ப பாவா கேட்டேன்?"

"நீ கேக்கல. பொங்கல் வெச்ச, அதனால வந்துச்சி!"

அவள் மகன் தறியை நிறுத்திவிட்டான். அந்த அமைதியில் அவள் தரையில் உட்கார்ந்து, "அய்யோ தேவுடா" என்று ஒரு சொல் சொன்னாள். சந்தோஷமா, பயமா, அதுவும் எனக்குப் புரியவில்லை. மகன் மட்டும் தெளிவாக இருந்தான். "சாமி குடுத்துது, வாங்கிக்கினு போவோம்" என்றான். எஸ்தரைப் பற்றி அங்கே நான் பேசவில்லை. பேசினால் நரசம்மா முகம் என்ன ஆகும் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீடு இல்லாதவளுக்குத்தானே வந்திருக்கிறது, அவளுக்கும் தேவைதானே என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய்யும் இல்லை.

அவள் வந்து கைநாட்டு வைத்துச் சாவி வாங்கினாள். நாங்களும் அன்றைக்கே சாமான் ஏற்றினோம். எஸ்தர் லீவு போட்டுவிட்டு, நம் பாத்திரங்களை மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினாள். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அதற்குள் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தார்கள். நரசம்மா தன் வீட்டில் குழாயைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். வெளியே வந்தவள், படியில் மூச்சு வாங்கி நின்ற எஸ்தரைப் பார்த்து, "உனுக்கு எந்த நெம்பரு?" என்று கேட்டாள்.

"எனக்கு வரலக்கா. நான் வேலைக்கு போய்க்கினேன், பூட்டின வூடுன்னு வுட்டுட்டாங்க" என்றாள் எஸ்தர். கோபம் எதுவும் இல்லாமல்தான் சொன்னாள்.

"பூட்டின வூடா? உள்ள உங்கப்பா இருப்பாரே? போன ஆடிக் கிருத்திகைக்குக்கூட ஜன்னல் வழியா நான் அவருக்கு பொங்கல் குடுத்தேனே?"

"ஆங்க்கா. அன்னைக்குத்தான் எழுதினாங்க."

நரசம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "ஏம் பாவா, அவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்து சொன்னியே, இத்த மட்டும் ஏன் சொல்லல?" என்றாள். நான் கையில் இருந்த குடத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

திங்கட்கிழமை மனு நாள். காலையிலேயே நரசம்மா எஸ்தரை இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். மகன் வேண்டாம் என்று சண்டை போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டானாம். நானும் போனேன், போகாமல் இருக்க முடியுமா? மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நல்ல மனுஷன், சத்தம் போடாத ஆள். நரசம்மா சாவியை மேசை மேல் வைத்தாள்.

"இன்னாம்மா, பூட்டு ரிப்பேரா?"

"இல்ல சார். நான் இங்க குடியிருந்தவ இல்ல. காவடிக்கு வந்தவ. எனுக்கு தப்பா வந்துச்சி. இதோ, இவதான் அங்க இருந்தவ, இவ பேருக்கு மாத்திக் குடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். "வீடு வேணும்னுதாம்மா இங்க எல்லாரும் வராங்க. வேணாம்னு சொன்னா எந்தக் கட்டத்துல எழுதறதுன்னே எனக்குத் தெரியல" என்றார். பிறகு எழுந்து உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். சாவியை வாங்கிக்கொள்கிறேன், வீட்டுக்கு சீல் வைக்கிறோம், ஒருவர் விட்டதை இன்னொருவருக்கு நேராகத் தூக்கிக் கொடுக்க முடியாது, எஸ்தர் அங்கே இருந்தது நிஜமா என்று விசாரணை வரும், அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். "வரும் பெரியவரே" என்றார். அப்புறம் கணக்கெடுத்த தாளைப் புரட்டிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்து, "அப்ப எல்லாம் நம்ம ஆளுங்கன்னு சொன்னது நீங்கதானா?" என்று கேட்டார். நம் வீட்டையும் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்துவிட்டேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அது மன்னிப்பா, இல்லை பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பதா, இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

வெளியே வந்து டீ குடித்தோம். "வூடு போச்சேன்னு வருத்தமா?" என்று நரசம்மாவைக் கேட்டேன். "இருக்காதா பாவா? அந்த குழாயைத் தெறந்தா இன்னா வேகம் தெரியுமா?" என்றாள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள். இப்போது கணக்குப் பார். நரசம்மாவுக்கு வீடு இல்லை, எஸ்தருக்கும் இல்லை, நடுவில் ஒரு வீடு சும்மா சீல் வைத்துக் கிடக்கிறது. அவள் உண்மையைச் சொன்னதால் யாருக்கு என்ன லாபம் என்று உங்கம்மா கேட்டாள். எனக்குத் தெரியாது. ஆனால் அவள் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் படியில் தினமும் ஏறி இறங்க என்னால் முடிந்திருக்குமா? அதுவும் தெரியாது.

மழைக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்று ஜேசிபி வந்துவிட்டது. ஆள் இல்லாத வீடு என்று எழுதினதுதானே எஸ்தர் வீடு, அதையும் சேர்த்து இடிக்கத்தான் வந்தது. உள்ளே ஆள் இருக்கிறது என்று சொன்னதும் அவர்கள் நிறுத்தி, சாமான் எடுக்க நேரம் கொடுத்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ரோட்டோரத்தில் கட்டிலைப் போட்டு, அதன்மேல் சாமுவேலைப் படுக்க வைத்து, எஸ்தர் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொந்தக்காரர் யாருக்கோ போன் போட்டபடி இருந்தாள், யாரும் எடுக்கவில்லை. நான் உங்கம்மாவைப் பார்த்தேன். வாய் திறக்க எனக்குப் பயம். இந்த வீடு வந்ததில் அவளுக்கு ஒரே ஒரு சந்தோஷம்தான்: கதவு சாத்திக் குளிக்க ஓர் இடம். அதில் இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கலாமா என்று நான் எந்த வாயால் கேட்பது? நான் கேட்கவில்லை. அவளே இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு, "இன்னாய்யா, எருமையாட்டம் நின்னுகினு கீற? அந்த மனுசன் வெய்யில்ல காயறாரு, தூக்குய்யா!" என்றாள்.

ஆட்டோவில் கொண்டுவந்துவிட்டோம். மூன்று மாடி எப்படி ஏற்றுவது? அங்கன்வாடியில் இருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள். கீழே இருந்த ஆண்கள், யாரையும் எனக்கு அப்போது பேர்கூடத் தெரியாது, நாலு பக்கமும் பிடித்தார்கள். "பெருசு, கெட்டியா புட்சிக்கோ, வுழுந்தா நாங்க பொறுப்பு இல்ல" என்று ஒருவன் சொல்ல, அவர் "சரி" என்றார். "கொஞ்சம் எடைய கொறைக்கறதுதான?" என்று இன்னொருவன் கேட்க, அதற்கும் "சரி." சிரித்துக்கொண்டே ஏற்றினார்கள். அந்த அடுக்குமாடியில் ஜனம் ஒன்றையொன்று முகம் கொடுத்துப் பேசினது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் எந்தெந்தத் தெருவிலிருந்தோ வந்து, கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தோம். மறுநாள் அதே நாலு பேர் போய் சிமெண்ட் மூட்டையை லிஃப்டிலிருந்து எடுத்துப் போட்டார்கள். லிஃப்ட் ஓடவில்லை, அது வேறு விஷயம். கரண்ட் கனெக்‌ஷனே இன்னும் கொடுக்கவில்லையாம்.

இப்போது நாங்கள் இருக்கிற விதம் இது. உள் அறையில் உங்கம்மாவும் எஸ்தரும். கூடத்தில் சாமுவேல் கட்டிலில், நான் கீழே பாயில். சாயந்தரம் ஒரு பக்கம் விளக்கு ஏற்றுகிறோம், இன்னொரு பக்கம் எஸ்தர் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுகிறாள். இரண்டுக்கும் நடுவில் உங்கம்மா பூண்டு உரிக்கிறாள். ரேஷன் கடை இன்னும் பழைய இடத்தில்தான், அரிசிக்கு ஊருக்குள் போக வேண்டும். டவுன் பஸ் நம் கேட்டைத் தாண்டிப் போய்த்தான் நிற்கும். டிரைவரிடம் கேட்டால் இங்கே ஸ்டாப் இல்லை என்கிறார். இத்தனை குடும்பம் வந்தது அவருக்குத் தெரியும், பஸ்ஸுக்குத் தெரியாது போலிருக்கிறது. சாமுவேலின் பென்ஷன் பணத்தை முன்பு வீட்டுக்கே வந்து கொடுத்தார்கள். வீடு இல்லாததால் ஆள் திரும்பிப் போய்விட்டார், அதை மாற்ற எஸ்தர் நடக்கிறாள். ஒவ்வொரு தரமும் படியில் இரண்டாம் மாடிக்கு வந்ததும், சீல் வைத்த அந்தக் கதவைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஏறுகிறாள். நானும் அப்படித்தான் ஏறுகிறேன்.

இதற்கு நடுவில்தான் உன் போன் வந்தது. பெண் வீட்டார் வருகிறார்கள் என்று உங்கம்மா அடுப்படியில் என்னிடம் குசுகுசுத்தது எஸ்தர் காதில் விழுந்துவிட்டது. இந்த வீட்டில் எதுவும் யார் காதிலும் விழாமல் இருக்காது. அவளே வந்து, "மாமா, வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் சர்ச்சுல போயி குந்திக்கிறோம். சாயந்தரமா வரோம். கட்டில மடிச்சி பாத்ரூம் பின்னால வெச்சுடலாம்" என்றாள்.

"சர்ச்சுக்கு யாரு இட்டுகினு போறது?" என்றேன்.

"ஆட்டோ புட்சிக்கிறேன்."

"ஆட்டோ மூணாவது மாடிக்கு வருமா?"

உங்கம்மா, "அவதான் போறேன்றாளே, நீ ஏன்யா குறுக்க பேசற? ஒரு நாள்தான?" என்றாள். சொல்லிவிட்டு அவளே அந்தப் பக்கம் திரும்பி, இல்லாத அழுக்கைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள். உங்கம்மாவைத் தப்பாக நினைக்காதே. ரோட்டிலிருந்து அவர்களைத் தூக்கி வரச் சொன்னவளும் அவள்தான், ஒரு நாளைக்கு மறைத்து வைக்கலாம் என்றவளும் அவள்தான். இரண்டும் ஒரே மனசிலிருந்து வந்தது. உனக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்பது அவளுக்கு அவ்வளவு பெரிய ஆசை.

நான் அதிகம் படித்தவன் இல்லை, உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேள். வீடு பார்க்க வருகிற அன்றைக்கு மட்டும் ஒரு வீட்டைக் காட்டி, அப்புறம் வாழ வருகிறவளுக்கு வேறு வீட்டைக் காட்டக் கூடாது. நானும் உங்கம்மாவும் கல்யாணம் பண்ணினபோது, எனக்குச் சர்க்கரை மில்லில் வேலை என்று சொல்லி வைத்திருந்தார்கள். கரும்பு வண்டிக்கு மாடு ஓட்டிக்கொண்டு மில் வாசல் வரை போய் வருவேன், அவ்வளவுதான். உங்கம்மா இன்றைக்கும் கோபம் வந்தால், "இன்னா மில்லு ஆபீசரு" என்றுதான் கூப்பிடுகிறாள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள், ஆனால் ஒரு முறைகூட மறந்ததில்லை. உனக்கு அந்த மாதிரி ஒரு பேர் வேண்டாம்.

அதனால் வெள்ளிக்கிழமையே வரட்டும். கட்டில் இருக்கிற இடத்திலேயே இருக்கும். எஸ்தரை எங்கேயும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், வந்தவர்களுக்குக் காபி அவள்தான் போடுவாள், உங்கம்மாவைவிட நன்றாகப் போடுவாள். நீ ஒன்று மட்டும் செய். அவர்கள் வருவதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு நீயே போன் போட்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எப்படி வந்தார்கள் என்று சொல்லிவிடு. எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்டால் தெரியாது என்று சொல். விசாரணைக்கு இன்னும் ஆள் வரவில்லை, வந்தால் நம் வீட்டுக்கே என்ன வருமோ, அதையும் ஒளிக்காமல் சொல். அவள் வேண்டாம் என்று சொன்னால் கோபப்படாதே, அவள் பக்கம் பார்த்தால் அதுவும் நியாயம்தான். சரி என்று சொன்னால் எனக்கு ஒரு போன் போடு. பெரியவர்களிடம் பேச வேண்டியதை இங்கே நான் பேசிக்கொள்கிறேன், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளச் சொல்.

பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள், டீச்சர் போக வேண்டுமாம். நான் இப்படி எழுதச் சொல்கிறேன் என்று உங்கம்மாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். "உன் புள்ள, நீ பாத்துக்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கோபம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எஸ்தர் சிரிக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் இருக்கிற பாயை எல்லாம் தரையில் விரித்து, இந்த மூலையில் நீயும் அந்தப் பெண்ணும், அந்தப் பக்கம் நாங்கள் என்று ஆறு பேருக்கு இடம் அளந்துகொண்டிருந்தார்கள். ஒரு பாய் மட்டும் கதவுக்கு வெளியே போய்விடுகிறது. அது என்னுடையதாம்.